எந்த இடத்தில் மாறுபடுகிறோம்?

வாக்களிப்பதைச் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டுமா என்ற கேள்வியில், முன்பின் அறியாத ஒருவருடன் மூன்று நாள்கள் இணையத்தில் வாதிட்டேன். நாங்கள் இருவர் மட்டுமே நாற்பதுக்கும் மேற்பட்ட பதில்களை எழுதியிருப்போம். இடையில் புகுந்தவர்களின் வரிகளையும் சேர்த்தால் அந்த இழை நூறைத் தாண்டியிருந்தது. மூன்றாம் நாள் இரவு அதை மேலிருந்து கீழே ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்த்தபோதுதான், முதல் இரண்டு நாளும் நாங்கள் மாறுபடாத விஷயங்களுக்காகவே மல்லுக்கட்டியிருக்கிறோம் என்பது புரிந்தது. அரசியல், பண்பாடு, அன்றாட வாழ்க்கை என எதைப் பற்றியும் இணையத்தில் பேசத் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளாகியும் அந்த இரவு வரை எனக்கு இது உறைக்கவில்லை என்பதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கட்டாய வாக்களிப்பை ஆதரித்தவன் நான். ஆஸ்திரேலியாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன். அங்கே 1922ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்தவர்கள் 60 விழுக்காட்டுக்கும் குறைவு. 1924இல் சட்டம் வந்தது. 1925ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த அளவு 91 விழுக்காட்டைத் தாண்டியது. இதை எழுதிய வேகத்தில், 'உலகுக்கே முதலில் வழிகாட்டிய நாடு' என்று ஓர் அலங்காரத்தையும் சேர்த்துவிட்டேன். பெல்ஜியம் 1893ஆம் ஆண்டிலேயே அதைச் செய்துவிட்டது என்று அவர் இரண்டே வரியில் பதில் எழுதினார். என் வாதம் நிற்பதற்கு அந்த அலங்காரம் தேவையே இல்லை. அதை அப்போதே உருவிப் போட்டிருந்தால் ஒன்றும் குறைந்திருக்காது. ஆனால் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. 'முழுமையாகச் செயல்படுத்திய நாடு என்ற பொருளில் சொன்னேன்' என்று முதலில் மழுப்பினேன். அது எடுபடாதபோது, அவர் முக்கியமான கேள்வியைத் தவிர்க்கவே இதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார் என்று குற்றம் சாட்டினேன். ஒரு நாள் முழுவதும் பெல்ஜியத்திலேயே கழிந்தது.

இப்போது நான் கடைப்பிடிக்கும் வழக்கம் ஒன்று அந்த நாளில் பிறந்தது. எழுதி முடித்ததும், 'முதல்', 'ஒரே', 'எல்லோரும்', 'ஒருபோதும்' போன்ற சொற்கள் எங்கெங்கே வந்திருக்கின்றன என்று தேடிப் பார்ப்பேன். அவற்றில் பாதியை எடுத்துவிட்டாலும் வாதம் அப்படியே இருக்கும், எதிராளிக்குப் பிடிப்பதற்கான கைப்பிடிகள் மட்டும் குறைந்துவிடும். தவறு என்று தெரிந்தால், பழைய பதிலை ஓசையில்லாமல் திருத்துவதில்லை. அப்படித் திருத்தினால், சரியாகச் சுட்டிக்காட்டியவர் ஏதோ இல்லாததைச் சொன்னவர்போல ஆகிவிடுவார். அதற்குள் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால் நம் நாணயமும் போகும். புதிய பதிலின் முதல் வரியாக, 'பெல்ஜியத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, நான் எழுதியது தவறு' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுவது நல்லது. அதே வாக்கியத்தில் 'ஆனால்' வந்தால் முன்னால் சொன்ன முழுவதும் வீணாகும்.

இரண்டாம் நாள் சண்டை 'கட்டாயம்' என்ற சொல்லைச் சுற்றி நடந்தது. மனிதனைப் பிடித்துத் தள்ளி வாக்களிக்க வைப்பது அடக்குமுறை என்றார் அவர். ஆஸ்திரேலியாவில் யாரையும் பிடித்துத் தள்ளுவதில்லை, காரணமின்றி வராதவருக்கு 20 டாலர் அபராதம், வாக்கெடுப்பு ரகசியமானது என்பதால் சீட்டில் என்ன குறித்தார், குறித்தாரா என்பதையே யாரும் சரிபார்க்க முடியாது என்றேன் நான். 'அப்படியானால் அது வாக்களிக்கும் கட்டாயம் இல்லை, வந்து தலைகாட்டும் கட்டாயம்' என்றார். 'அதைத்தான் நானும் சொல்கிறேன்' என்றேன். 'நீங்கள் சொன்னது அதுவல்ல' என்றார். இப்படியே மாலை வரை போயிற்று. இன்று படித்தால் சிரிப்பு வருகிறது: தலைகாட்டச் சொல்வதில் அவருக்கு அவ்வளவு பெரிய மறுப்பு இல்லை, குறித்தே தீர வேண்டும் என்பதை நானும் கேட்கவில்லை. ஒரே சொல்லை இருவரும் வெவ்வேறு பொருளில் வைத்துக்கொண்டு, பொருள் மாறுபாட்டைக் கொள்கை மாறுபாடு என்று எண்ணிக்கொண்டிருந்தோம். 'சமத்துவம்', 'பாரம்பரியம்', 'இலவசம்', 'தகுதி' ஆகிய சொற்கள் வரும் விவாதங்களில் இது திரும்பத் திரும்ப நடப்பதைப் பிறகு கண்டிருக்கிறேன். அத்தகைய இடத்தில் அந்தச் சொல்லையே சிறிது நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, யார் என்ன செய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று வெறும் வினைச்சொற்களில் எழுதும்படி கேட்டுக்கொள்வேன். பாதி விவாதங்கள் அங்கேயே முடிந்துவிடும். முடிந்துவிட்டதை ஒப்புக்கொள்ளத்தான் இரு தரப்புக்கும் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

மூன்றாம் நாள் அவர் நெதர்லாந்தைக் கொண்டுவந்தார். அங்கே 1917இல் வந்த கட்டாய வாக்களிப்பு 1970இல் நீக்கப்பட்டது. நீக்குவதற்கு முன் 1967ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 95 விழுக்காடு. நீக்கிய பின் 1971இல் அது 79ஆகக் குறைந்தது. எனக்கு உள்ளூர மகிழ்ச்சி, ஏனென்றால் எதிராளியே என் தரப்புக்குச் சான்று எடுத்துக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். 'நூற்றுக்குப் பதினாறு பேரை இழந்துவிட்டார்கள் என்பதை நீங்களே காட்டிவிட்டீர்கள்' என்று எழுதினேன். அவர் எழுதிய பதில் இன்றும் நினைவில் இருக்கிறது: 'அந்தப் பதினாறு பேரை நீங்கள் இழப்பு என்று எண்ணுகிறீர்கள். விருப்பமில்லாமல் இத்தனை ஆண்டுகள் வரிசையில் நின்றவர்கள் வீட்டில் இருக்க முடிந்தது என்று நான் எண்ணுகிறேன்.'

அப்போதுதான் உண்மையில் எங்கே பிரிகிறோம் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. எண்ணில் எங்களுக்குள் மாறுபாடு இல்லை. அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு என்பதில்தான் மாறுபாடு. வாக்களிப்பது வரி செலுத்துவதைப் போன்ற கடமை என்பது என் நினைப்பு; பேச்சுரிமையைப் போன்றதோர் உரிமை, பேசாமல் இருப்பதும் அதில் அடக்கம் என்பது அவர் நினைப்பு. இன்னும் ஐம்பது நாடுகளின் புள்ளிவிவரத்தை நான் கொட்டியிருந்தாலும் அவர் அசைந்திருக்க மாட்டார், அசைய வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை.

தகவலில் மாறுபட்டால் தேடிப் பார்த்து முடித்துக்கொள்ளலாம். சொல்லில் மாறுபட்டால் பொருளை வகுத்துக்கொள்ளலாம். மதிப்பில் மாறுபட்டால், அந்த மதிப்பு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் ஒன்றுக்கு உரிய மருந்தை இன்னொன்றுக்குக் கொடுப்பதால்தான் பெரும்பாலான இழைகள் நீண்டுகொண்டே போகின்றன. இப்போதெல்லாம் பத்துப் பதில்கள் தாண்டிய எந்த விவாதத்திலும், 'நாம் எந்த இடத்தில் மாறுபடுகிறோம் என்று ஒருமுறை எழுதிப் பார்க்கலாமா' என்று கேட்டுவிடுகிறேன். சிலர் இதைத் தந்திரம் என்று சந்தேகிப்பார்கள். சிலர் உண்மையாகவே எழுதிப் பார்ப்பார்கள்.

இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பு என்று நானும் சில காலம் நினைத்திருந்தேன். நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நூலாசிரியர் மேற்கொள்ளும் மதம், அதாவது கொள்கை, ஏழு வகை என்று பவணந்தி முனிவர் வகுத்திருப்பதைப் பள்ளி நாள்களுக்குப் பிறகு மீண்டும் படித்தபோது அந்தப் பெருமை அடங்கியது. உடன்படல் முதலில் வருகிறது, மறுத்தல் அதற்கு அடுத்து. மூன்றாவதுதான் என்னை நிறுத்தியது: 'பிறர்தம் மதமேற் கொண்டு களைவு'. பிறருடைய கொள்கையை முதலில் தானும் மேற்கொண்டு, அதாவது அதற்குள் நுழைந்து நின்று பார்த்து, அதன் பிறகே அதைக் களைவது. ஏழில் இரண்டாவதை மட்டுமே தெரிந்து வைத்துக்கொண்டுதான் நான் பதினைந்து ஆண்டுகளை ஓட்டியிருக்கிறேன்.

இதைச் செய்வது கேட்பதற்கு எளிது. கையில் எடுக்கும்போதுதான் எவ்வளவு கடினம் என்று தெரியும். எதிராளியின் நிலையை என் சொற்களில் எழுதி, 'நீங்கள் சொல்வது இதுதானே' என்று கேட்பேன். முதல் முயற்சியில் பெரும்பாலும் 'இல்லை' என்றுதான் பதில் வரும், ஏனென்றால் எனக்கு மறுக்க வசதியான வடிவத்தில் அதைக் கொஞ்சம் நசுக்கி எழுதியிருப்பேன். இரண்டாம் முறை எழுதும்போது 'ஏறத்தாழ' என்பார்கள். 'ஆம், அதுதான்' என்று ஒருவர் சொன்ன பிறகு எழுதும் மறுப்பின் தரமே வேறு. இரண்டொரு முறை, அந்த 'ஆம்' வந்த பிறகு மறுப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லாமல் போனதும் உண்டு.

வேறொரு வகைச் சறுக்கலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் தவறு தகவலிலோ தர்க்கத்திலோ இல்லை. வயதான பெற்றோரை இல்லங்களில் சேர்ப்பது பற்றி ஓர் உரையாடல் நடந்துகொண்டிருந்தது. பலரும் பலவிதமாக எழுத, நானும் என் பங்குக்கு, 'வசதிக்காகச் செய்துவிட்டு அதற்குச் சூழ்நிலை என்று பெயர் சூட்டிக்கொள்கிறோம்' என்று எழுதினேன். கூர்மையான வரி என்று எனக்கே ஒரு நிறைவு. விருப்பக்குறிகளும் நிறைய விழுந்தன. ஒரு மணி நேரம் கழித்து, அதுவரை அந்த உரையாடலில் ஒரு சொல்லும் எழுதாத பெண் ஒருவர் எழுதினார். நினைவு தப்பிப்போன அவருடைய அம்மா ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு எழுந்து, அடுப்பின் வாயுவைத் திறந்துவிட்டு, பற்றவைக்க மறந்துபோய் மீண்டும் படுத்துக்கொண்டாராம். பக்கத்து அறையில் இரண்டு குழந்தைகள். 'அதற்கு அடுத்த மாதம் சேர்த்தேன். வசதி என்று நீங்கள் சொல்வது இதைத்தானா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்' என்று முடித்திருந்தார். கோபமான ஒரு சொல்கூட அதில் இல்லை.

என் முதல் உந்துதல், 'உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னேன்' என்று எழுதுவது. தட்டச்சு செய்தும்விட்டேன்; அனுப்பும் முன் கை நின்றது. பொதுவாகச் சொன்னேன் என்பது உண்மைதான், ஆனால் பொது என்பதற்குள் அவரும் இருக்கிறார், அவரை விலக்கும் சொல் எதுவும் என் வரியில் இல்லை. கடைசியில், அந்த வரி அவருடைய நிலைமைக்குப் பொருந்தாது என்றும், இப்படிப்பட்ட நிலைமைகளை நான் நினைத்துப் பார்க்காமலே எழுதினேன் என்றும் எழுதினேன். பிறகு அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன்: அந்த முடிவுக்கு வருவதற்கு முன் அவருக்கு எந்த உதவி கிடைத்திருந்தால் வேறுவிதமாக முடிவெடுத்திருப்பார்? அவர் நீண்ட பதில் எழுதினார். இரவு நேரத்துக்கு மட்டும் ஓர் ஆள் கிடைத்திருந்தால் போதுமாக இருந்திருக்கும் என்றார். அதன் பிறகு அந்த உரையாடல் முழுவதும் இரவுநேரப் பராமரிப்பைப் பற்றியதாக மாறிவிட்டது. அதில் பேசியவர்களில் பலர் அதுவரை வாய் திறக்காதவர்கள்.

அவருடைய அனுபவம் என் கருத்தைத் தவறென்று நிறுவிவிட்டதா என்றால், இல்லை. ஒருவருடைய வாழ்க்கை ஒரு சான்றுதான், தீர்ப்பு ஆகாது. வசதிக்காகச் செய்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனாலும் அனுபவத்தோடு வருபவரிடம் 'இது ஒரு விதிவிலக்கு' என்று சொல்லி அனுப்பிவிடுவதைப் போல் உரையாடலைக் கெடுப்பது வேறெதுவும் இல்லை. அன்றாட வாழ்க்கையைப் பற்றிய விவாதங்களில், அரசியலைவிடவும் அதிகமான காயம் ஏற்படுவது இந்த இடத்தில்தான். கட்சியை மாற்றிக்கொள்ளலாம், அம்மாவை எங்கே வைத்தோம் என்பதை மாற்றிக்கொள்ள முடியாது.

கிண்டலைப் பற்றிச் சுருக்கமாக. வீட்டுப்பாடமே கூடாது என்று ஒருவர் எழுதியபோது, 'அருமையான யோசனை, அப்படியே தேர்வையும் ஆசிரியரையும் எடுத்துவிட்டால் இன்னும் நிம்மதி' என்று எழுதினேன். இருவர் மெய்யாகவே ஆமோதித்தார்கள். மூன்றாமவர் என்னைக் கல்விக்கே எதிரி என்று திட்டினார். கிண்டலைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள் முதலில் எழுதியவர், அவர் மனம் நொந்து விலகிக்கொண்டார். 2005இல் ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்லியும் பிறரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வைப் பிறகு படித்தேன். மின்னஞ்சலில் எழுதியது கிண்டலா, மெய்யா என்பதை 100க்கு 78 முறை படிப்பவர் கண்டுகொள்வார் என்று எழுதியவர்கள் எதிர்பார்த்தார்கள். கண்டுகொண்டது 56 முறைதான். நாணயத்தைச் சுண்டிப் போட்டுச் சொன்னாலே 50 கிடைத்துவிடும். இந்தத் தொல்லைக்காகவே 1982 செப்டம்பர் 19 அன்று கணினி அறிவியலாளர் ஸ்காட் ஃபால்மன், முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்து ஒரு சிரிப்பு முகத்தை அமைத்து, வேடிக்கையாக எழுதியவற்றுக்கு அடையாளமாக இடலாம் என்றார். அந்த முகத்தையே இன்று ஏளனத்துக்குப் பயன்படுத்துகிறோம் என்பது வேறு கதை. அறிமுகமில்லாதவர்களிடம் நான் இப்போது கிண்டல் செய்வதில்லை.

தமிழில் விவாதிப்பவர்களுக்கு வேறொரு வெப்பமானி இருக்கிறது. 'நீங்கள்' என்பது 'நீ' ஆகும் இடம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பே வரும் அறிகுறி 'நண்பரே'. விவாதம் சூடேறச் சூடேற இந்தச் சொல்லின் எண்ணிக்கை கூடுவதையும், அது வரும் வாக்கியத்தில் நட்பு மட்டும் இருக்காது என்பதையும் பலமுறை பார்த்திருக்கிறேன். என் விரல்கள் 'நண்பரே' என்று அடித்தால் அலைபேசியைக் கீழே வைத்துவிடுவது என்று ஒரு விதி வைத்திருக்கிறேன். அதைவிடப் பயன்படும் விதி, பதில் பெட்டிக்குள் எழுதாமல் குறிப்பேட்டுச் செயலியில் எழுதுவது. பதில் பெட்டியில் எழுதினால் அனுப்பு பொத்தான் கட்டைவிரலுக்கு அருகிலேயே இருக்கும். குறிப்பேட்டில் எழுதினால் நகலெடுத்து, ஒட்டி, அனுப்ப வேண்டும். அந்த இரண்டு படிகளுக்குள் எத்தனையோ சண்டைகள் அவிந்துபோயிருக்கின்றன. இரவில் எழுதியதைக் காலையில் படித்தால் மூன்றில் ஒன்று அனுப்பத் தகுதியற்றதாகவே இருக்கும்.

சில ஆண்டுகள் நான் இன்னொரு சோம்பலில் இருந்தேன். தகவலைக் காட்டினால் மனிதர்கள் முன்பைவிடப் பிடிவாதமாகிறார்கள், இது ஆய்விலேயே தெரிந்ததுதான் என்று சொல்லி, கடினமான விவாதங்களிலிருந்து கழன்றுகொள்வேன். ப்ரெண்டன் நைஹன், ஜேசன் ரைஃப்லர் ஆகியோரின் 2010ஆம் ஆண்டு ஆய்வுதான் நான் காட்டிய சான்று. ஒருமுறை இதை எழுதியபோது, ஒருவர் 2019இல் வெளியான தாமஸ் வுட், ஈத்தன் போர்ட்டர் ஆய்வை எடுத்துக் காட்டினார். 10,000க்கும் மேற்பட்டவர்களிடம் 52 விஷயங்களில் சோதித்தும், திருத்தத்தைப் படித்த பிறகு தவறான நம்பிக்கை இன்னும் இறுகும் விளைவை அவர்களால் காண முடியவில்லை. எனக்குத் திருத்தம் வந்து சேர்ந்துவிட்டது. நான் இன்னும் பிடிவாதமானால் என் பழைய கொள்கைக்கு நானே சான்றாகிவிடுவேன் என்ற இக்கட்டு. ஏற்றுக்கொண்டேன். தகவலை ஏற்பதற்கும் சார்பை மாற்றிக்கொள்வதற்கும் நடுவில் நீண்ட தொலைவு இருக்கிறது என்பது மட்டும் இன்னும் என் கருத்தாக நிற்கிறது.

எல்லோரிடமும் இந்தப் பொறுமையைக் காட்ட வேண்டியதில்லை. ஆதாரம் கேட்டு, கொடுத்ததும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஆதாரம் கேட்பவருக்கு இரண்டு முறை பதில் எழுதுவேன். மூன்றாவது முறை எழுதுவதில்லை. குடும்பத்தையோ பிறப்பையோ இழுப்பவரை விளக்கம் சொல்லாமல் பிளாக் செய்துவிடுவேன். ஒரே நேரத்தில் ஐந்து பேர் சூழ்ந்துகொண்டால், யார் நன்றாக எழுதியிருக்கிறாரோ அவருக்கு மட்டும் பதில் சொல்வேன். மோசமாக எழுதியவரைத் தேர்ந்தெடுத்துச் சாத்துவது எளிது, ஆனால் பார்ப்பவர்களுக்கு அது தெரிந்துவிடும். பார்ப்பவர்கள் என்பது சிறிய கூட்டமும் அன்று. இணையக் குழுமங்களில் 100 பேரில் 90 பேர் படிப்பதோடு நின்றுவிடுகிறார்கள், 9 பேர் எப்போதாவது எழுதுகிறார்கள், பெரும்பகுதியை எழுதுபவர் ஒருவர்தான் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006இல் ஒரு தோராயக் கணக்குச் சொன்னார்.

விலகுவதற்கும் ஒரு முறை வேண்டியிருக்கிறது. சொல்லாமல் போனால் தோற்று ஓடினார் என்பார்கள். 'உங்களிடம் பேசிப் பயனில்லை' என்று போனால் அது இன்னொரு அடி. கட்டாய வாக்களிப்பு விவாதத்தில் மூன்றாம் நாள் இரவு நான் இப்படி எழுதினேன்: 'வாக்களிப்பது கடமையா உரிமையா என்பதில்தான் நாம் பிரிகிறோம் என்று நினைக்கிறேன். என் தரப்பில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். பெல்ஜியத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அதை அன்றே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். கடைசிப் பதில் உங்களுடையதாக இருக்கட்டும்.'

அவர் ஒன்றுக்கு நான்கு பதில்கள் எழுதினார். முதல் இரண்டும் கொஞ்சம் காரமாகவே இருந்தன. மூன்றாவதில் ஆஸ்திரேலிய அபராதத்தைப் பற்றித் தாம் எண்ணியிருந்த தொகை மிகப் பெரியது என்றும், 20 டாலர்தான் என்பது இப்போது தேடிப் பார்த்த பிறகே தெரிந்தது என்றும் எழுதியிருந்தார். நான்காவது நள்ளிரவுக்குப் பின் வந்தது: தம் கருத்து மாறவில்லை, ஆனால் வரிசையில் நிற்பதைச் சிறைவாசம்போல எழுதியது கொஞ்சம் மிகைதான் என்று. பதில் எழுத எனக்கு இரண்டு வரிகள் தோன்றின. குறிப்பேட்டில் எழுதி அங்கேயே வைத்துவிட்டேன்.